குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையும் மலேசியச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குழந்தைக்காகக் காத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் கேட்டார்கள். கோவில் மண்டபத்திலும் தொலைபேசியிலும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. உங்கள் உடம்பைப் பற்றிய முடிவுக்கு மருத்துவரையும், சொத்து, குடியுரிமை போன்றவற்றுக்கு வழக்கறிஞரையும் பாருங்கள்.

கல்யாணமாகி எவ்வளவு நாள் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகணும்?

கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் போகலாம். மனைவிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் 6 மாதம் போதும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், கருப்பையில் கட்டி இருப்பவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இந்தச் சிக்கல் வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வேண்டிக்கொண்டு போவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அதே மாதத்தில் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

கணவனும் கூடப் போக வேண்டும். ஏறக்குறையப் பாதி தம்பதிகளிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனால் நம் வீடுகளில் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அவர் சம்மதிக்கிறார். அதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டெஸ்ட் டியூப் பேபிக்கு மலேசியாவுல சட்டமே இல்லையாமே? அப்ப யாரு வேணும்னாலும் செய்யலாமா?

ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பது) போன்ற செயற்கைக் கருத்தரிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பது உண்மை. மசோதா பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று அடுக்கு இருக்கிறது. முதலாவது, தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டம் 1998. இது 2006 மே மாதம் அமலுக்கு வந்தது. தனியார் மருத்துவமனையும் சிகிச்சை மையமும் இதன்கீழ் சுகாதார அமைச்சிடம் உரிமமோ பதிவோ பெற்றாக வேண்டும். இரண்டாவது, கருவளர்ப்பு ஆய்வுக்கூடமும் அறுவைக்கூடமும் எப்படி இருக்க வேண்டும் என்று அமைச்சு 2012-இல் வெளியிட்ட தர விதிகள்.

மூன்றாவதுதான் முக்கியம். மலேசிய மருத்துவ மன்றம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி. யாருக்குச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எழுத்தில் என்ன சம்மதம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அதை மீறிய மருத்துவர் மேல் மன்றம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். இதில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது: மருத்துவரைக் கட்டுப்படுத்த வழி உண்டு, பிறக்கும் பிள்ளைக்கு யார் பெற்றோர் என்று சொல்ல அதில் வழி இல்லை. பிரிட்டனில் 1990-லேயே சட்டம் வந்து, அடுத்த வருடமே தனி ஆணையம் வேலையைத் தொடங்கிவிட்டது. நம் நாடோ தன்னை ஆசியாவின் கருத்தரிப்பு மையம் என்று வெளிநாட்டு நோயாளிகளிடம் விளம்பரம் செய்துகொண்டே சட்டத்தைத் தள்ளிப்போடுகிறது. இது சரியில்லை என்பது என் கருத்து.

எங்க கல்யாணம் கோவில்ல நடந்தது, ரிஜிஸ்டர் பண்ணல. கிளினிக்ல கேட்பாங்களா?

கேட்பார்கள். கணவன் மனைவிக்கு மட்டுமே இந்தச் சிகிச்சை என்பதால் திருமணச் சான்றிதழ்தான் முதல் காகிதம். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டச் சீர்திருத்தம் (திருமணமும் மணவிலக்கும்) 1976 சட்டப்படி நடக்க வேண்டும். பதிவு அதிகாரம் இல்லாத கோவிலில் ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தது மட்டும் போதாது. சில கோவில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார். அங்கே நடந்திருந்தால் சான்றிதழ் கையில் இருக்கும்.

இல்லையென்றால் இருவரும் தேசியப் பதிவு இலாகாவில் அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் காத்திருந்து பதிவு செய்துகொள்ளுங்கள். தாலி கட்டிப் பத்து வருடம் ஆன பிறகு போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் சிக்கலில்லாமல் ஏறுவதற்கும் இந்தக் காகிதம்தான் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில செய்ய முடியுமா? ப்ரைவேட்ல எவ்வளவு ஆகும்?

முடியும், ஆனால் இடங்கள் குறைவு, வரிசை நீளம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் கேட்கலாம். பினாங்குக்காரர்களுக்கு அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை எட்டும் தூரம். 1966-இல் தொடங்கிய எல்.பி.பி.கே.என். எனும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் கோலாலம்பூரில் கருத்தரிப்பு ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

தனியாரில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். பொதுவாக 15,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 25,000 வெள்ளி வரை ஆகிறது, மேலேயும் போகலாம். விளம்பரத்தில் இருக்கும் தொகையில் ஊசி மருந்து, கருவை உறையவைப்பது, வருடாந்திரச் சேமிப்புக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஊசி மருந்தில்தான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

இ.பி.எஃப். காசை எடுக்கலாமா? வரியில கழிக்கலாமா?

இரண்டும் முடியும். ஊழியர் சேமநிதியில் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கும் திட்டத்தில் ஐ.யு.ஐ. (விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது), ஐ.வி.எஃப்., இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) சிகிச்சைகளை 2020-இல் சேர்த்தார்கள். திருமணமானவர்களுக்கு மட்டும்தான். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு இது செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். ஃபிளெக்சிபல் கணக்கில் இருப்பதை எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வருமான வரியில், கடுமையான நோய்களுக்கான மருத்துவச் செலவுக் கழிவோடு கருத்தரிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. 2023 வரி ஆண்டு முதல் மொத்த வரம்பு 10,000 வெள்ளி. முழு உடல் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் இதே வரம்புக்குள்தான். ரசீதை 7 வருடம் பத்திரமாக வையுங்கள். மருத்துவக் காப்புறுதியை நம்பாதீர்கள். பெரும்பாலான திட்டங்கள் மலட்டுத்தன்மைச் சிகிச்சையை விலக்கியே எழுதியிருக்கின்றன.

சிகிச்சைக்கு வேலையில லீவு உண்டா?

தனி விடுப்பு கிடையாது. மருத்துவ விடுப்பையும் ஆண்டு விடுப்பையும்தான் பயன்படுத்த வேண்டும். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு 7 நாளும் 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் சட்டப்படி உண்டு.

ஒரு கிளினிக்ல 70 விழுக்காடு வெற்றின்னு போட்டிருக்காங்க. நம்பலாமா?

எதில் 70 விழுக்காடு என்று முதலில் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் கரு தங்கியதா, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்ததா, குழந்தை உயிரோடு பிறந்ததா? மூன்றும் வேறு வேறு எண்கள். எந்த வயதுப் பெண்கள், எத்தனை கரு வைத்தார்கள், சொந்த முட்டையா என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனின் ஆணையம் எல்லா மையங்களிடமும் கணக்கு வாங்கி வெளியிடுகிறது. 2019 கணக்கில், சொந்த முட்டையில் ஒரு கரு வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே சுமார் 32 விழுக்காடு, 40 முதல் 42 வயதில் சுமார் 11 விழுக்காடு. நம் நாட்டில் மையம் வாரியாக அப்படி யாரும் சரிபார்த்து வெளியிடுவதில்லை. அதனால் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணை விட, "என் வயதில், என் நிலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேட்டால் வரும் பதில் உதவும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.

மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டிலும் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் யாரும் தேடிப் பார்க்கலாம். நான் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

ரெண்டு பொண்ணு இருக்கு. மூணாவது பையனா பார்த்து வைக்கச் சொல்லலாமா?

கூடாது. குடும்ப விருப்பத்துக்காக ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பதை மேலே சொன்ன 2006 வழிகாட்டி தடை செய்கிறது. ஹீமோபிலியா, டுஷேன் தசைநோய் போல ஆண் பிள்ளைகளையே பெரும்பாலும் தாக்கும் மரபுநோய் குடும்பத்தில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. "தனிச் சட்டம் இல்லையே" என்று யாராவது செய்து தர முன்வந்தால், அவர் தன் தொழில் நெறியை மீறுகிறார் என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் உங்கள் கருவை ஒப்படைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். மாமியார் வற்புறுத்துகிறார் என்று அழுதுகொண்டே இதைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொன்னது: விதி இதற்கு இடம் தரவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதான்.

தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன். அதனால ஏதும் பிரச்சினையா?

சட்டத்தில் பிரச்சினை இல்லை. நான் மேலே சொன்ன 1976 திருமணச் சட்டமே, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி தாய்மாமனையோ அக்காள் மகளையோ மணப்பதைத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கும் தடை இல்லை.

மருத்துவத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே குடும்பத்து இருவரிடமும் ஒரே மறைந்த மரபுக் குறை இருக்கும் வாய்ப்பு கூடுதல். தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய் அதில் ஒன்று. 2016 முதல் படிவம் 4 (இடைநிலைப் பள்ளி நான்காம் ஆண்டு) மாணவர்களுக்கு அரசு தலசீமியா பரிசோதனை செய்கிறது. அதற்கு முன் பள்ளியை முடித்தவர்கள் அரசு கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இருவருமே கடத்திகள் (நோய் இல்லாமல் அந்தக் குறையை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஐ.வி.எஃப். வழியாகக் கருவைச் சோதித்து, நோய் இல்லாததை வைக்க முடியும். கடுமையான நோயைத் தவிர்க்கச் செய்யும் இந்தச் சோதனைக்கு அனுமதி உண்டு.

நாங்க இந்திய முஸ்லிம். மார்க்கப்படி இது ஆகுமா?

திருமணம் நீடிக்கும்போது, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் சேர்ந்தால் ஆகும் என்பதே, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தேசிய ஃபத்வா மன்றத்தின் நிலை. மூன்றாமவரின் விந்து, முட்டை, வாடகைத் தாய் ஆகியவை ஆகாது. தேசிய மன்றத்தின் கருத்து தானாகச் சட்டமாகாது. உங்கள் மாநில அரசிதழில் வெளியானால்தான் கட்டுப்படுத்தும். எனவே பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு முஃப்தி அலுவலகத்திலும் கோலாலம்பூரில் இருப்பவர்கள் கூட்டரசுப் பிரதேச முஃப்தி அலுவலகத்திலும் கேட்பது நல்லது.

விந்தோ முட்டையோ வேற ஒருத்தர் கொடுத்தா, பிள்ளைக்குச் சட்டப்படி அப்பா அம்மா யாரு?

தனியார் மையங்கள் முஸ்லிம் அல்லாத தம்பதிகளுக்கு இதைச் செய்கின்றன. ஆனால் பெற்றோர் யார் என்று நேராகச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. இருப்பது 1950 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. செல்லுபடியான திருமணம் நீடிக்கும்போது, அல்லது அது முடிந்து தாய் மறுமணம் செய்யாமல் 280 நாளுக்குள் பிறந்த பிள்ளை, கணவனின் முறையான பிள்ளை என்று அது சொல்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்க முடியும். ஒரே வீட்டில் வாழும் தம்பதிக்கு இது பெரும்பாலும் காப்பாகவே இருக்கும். திருமணப் பதிவை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான். முட்டை தானத்தில், பெற்றெடுத்தவளே தாயாகப் பதிவாகிறாள்.

ஆனால் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978-இல். அதற்கு 28 வருடம் முன்பு எழுதிய பிரிவை வைத்து நாம் இன்றைக்கு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். நாளை சொத்துத் தகராறில் ஒரு சித்தப்பா மரபணுச் சோதனை கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. கணவன் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலை வீட்டில் வையுங்கள், உயில் எழுதுங்கள், அதில் பிள்ளையின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

என் தங்கச்சியே முட்டை கொடுக்கிறேன்னு சொல்றா. நல்லதுதானே?

அன்பான காரியம்தான். அவளுக்கும் ஊசி, மயக்க மருந்து, அபாயம் எல்லாம் உண்டு என்பதால் அவளுக்குத் தனியாக மருத்துவ ஆலோசனை கிடைக்க வேண்டும். அவள் கணவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பிள்ளைக்கு எப்போது, யார் சொல்வது என்று மூவரும் முன்பே பேசி வையுங்கள். யார் தானம் கொடுத்தார்கள் என்று பிள்ளை வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மிடம் தேசியப் பதிவேடு இல்லை. நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

கல்யாணம் ஆகல, வயசு 34. முட்டையை எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வைக்கலாமா?

தனியார் மையங்களில் செய்கிறார்கள். பின்னால் அதைப் பயன்படுத்தத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உறையவைத்த முட்டை நிச்சயம் குழந்தையாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. சேமிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் செய்கிறவர்கள் என்றால் யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். முதல் கீமோவுக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூணு கரு தங்கிடுச்சு, ஒண்ணைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்றாரு. கருக்கலைப்பு குற்றம்னு சொல்றாங்களே?

தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. 1989 திருத்தத்துக்குப் பிறகு விதிவிலக்கு இப்படி இருக்கிறது: கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ, நிறுத்துவதை விட அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் செய்யலாம். மூன்று கரு சுமப்பதில் குறைப்பிரசவமும் உயர் ரத்த அழுத்தமும் நிஜமான ஆபத்துகள். உங்கள் மருத்துவர் தன் காரணத்தைக் குறிப்பில் எழுதட்டும். பாலியல் வன்முறையோ குழந்தையின் குறைபாடோ தனிக் காரணமாக அந்தப் பிரிவில் இல்லை; தாயின் மனநலம் என்ற வழியாகத்தான் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கிறது. நிறையப் பேர், ஏன் சில தாதியர்கூட, இந்நாட்டில் எந்த நிலையிலும் முடியாது என்றே நம்புகிறார்கள்.

குறைக்க வேண்டிய நிலை வராமலே பார்த்துக்கொள்வது மேல். எத்தனை கரு வைக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்று வைப்பது பாதுகாப்பு. செலவழித்தாயிற்றே, இரண்டு மூன்று வைத்துவிடுங்கள் என்று நாமே கேட்பதும் நடக்கிறது.

வாடகைத் தாய் வைக்கலாமா? இந்தியாவுல செஞ்சுக்கலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு.

இங்கே அதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை, காக்கும் சட்டமும் இல்லை. ஒப்பந்தம் எழுதினாலும் நீதிமன்றம் அதை அமல்படுத்தும் என்று நம்ப முடியாது. பெற்றெடுத்த பெண்தான் பிறப்புப் பத்திரத்தில் தாய். 112-ஆம் பிரிவு அவள் கணவனைத் தந்தையாக்கிவிடும். உங்கள் முட்டையும் உங்கள் கணவரின் விந்தும்தான் என்றாலும் நிலைமை இதுதான்.

இந்தியாவின் 2021 சட்டம் காசுக்கு வாடகைத் தாய் அமர்த்துவதைத் தடை செய்துவிட்டது. தாய்லாந்து 2015-இல் வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது, கம்போடியா 2016-இல். இன்னும் பழைய கதை சொல்லும் ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை நம் சட்டத்தில் முறையான திருமணத்தில் பிறந்ததாகக் கருதப்படாவிட்டால், குடியுரிமைக்கு அப்பாவுக்குப் பதிலாக அம்மாவின் நிலையைப் பார்க்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை. அந்த "அம்மா" யார் என்பதே கேள்வியாகி, பச்சைக் குழந்தை நாடில்லாமல் நிற்கக்கூடும்.

தெரிஞ்ச ஒரு பொண்ணு பிள்ளையைக் கொடுக்கத் தயார், கொஞ்சம் காசு கேட்கிறாங்க. எங்க பேர்லயே பிறப்பு சர்டிபிகேட் எடுத்துடலாமா?

வேண்டவே வேண்டாம். காசுக்குப் பிள்ளை கைமாறுவது 2001 சிறார் சட்டத்தில் குற்றம். நீங்கள் பெற்றதாகப் பொய்யாகப் பதிவு செய்வது இன்னொரு குற்றம். பிடிபட்டால் பிள்ளையை எடுத்துச் சென்றுவிடுவார்கள். அப்படித் தவித்த பெற்றோரின் அழுகையைக் கேட்டால் யாரும் இதைச் செய்யத் துணியமாட்டார்கள்.

நேரான வழி, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம். பொதுவாக விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாகி, பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உறவினர் என்றால் 21 வயது போதும். சமூக நல இலாகாவுக்குத் தெரியப்படுத்தி, பிள்ளையைக் குறைந்தது 3 மாதம் வளர்த்த பிறகு நீதிமன்றம் ஆணை தரும். அதை வைத்துப் பதிவு இலாகாவில் புதுப் பிறப்புப் பத்திரம் எடுக்கலாம். தத்து ஆணை மட்டும் குடியுரிமை தராது. பெற்ற தாயின் அடையாள அட்டை நகல் கையில் இல்லாமல் பிள்ளையை வாங்கிவிட்டு, பள்ளிச் சேர்க்கையின்போது ஓடுகிறவர்கள் அதிகம். அந்த நகலை முதல் நாளே வாங்குங்கள்.

சிகிச்சையில தப்பு நடந்துட்டா யார்கிட்ட புகார் செய்யறது?

முதலில் அந்த மருத்துவமனையிடமே எழுத்தில். 1998 சட்டப்படி புகாரைக் கையாளும் முறை அவர்களிடம் இருந்தாக வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு. மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மருத்துவ மன்றம். இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். மருத்துவ அறிக்கையை உடனே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள்.

உறைய வெச்ச கரு மூணு இருக்கு. நாங்க பிரிஞ்சுட்டா, இல்ல அவருக்கு ஏதாவது ஆயிட்டா, அது யாருக்கு?

இதற்கு இங்கே சட்டத்தில் பதில் இல்லை, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில்தான் இருக்கிறது. பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் மையம் தராது. இருவர் சம்மதமும் வேண்டும். கணவர் இறந்த பிறகு கருவை வைக்க மையங்கள் ஒத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் இது திருமணத்துக்குள் செய்யும் சிகிச்சை. முஸ்லிம்களுக்கு மார்க்கத் தீர்ப்பும் அதுவே. வெளிநாட்டில் வைத்துப் பெற்றாலும், 280 நாள் கணக்கு தாண்டிப் பிறக்கும் அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் பெயரும் சொத்தும் கிடைப்பது கடினம். 1958 சொத்துப் பகிர்வுச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அதனால் படிவத்தை வரவேற்பறையில் நின்றபடி கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மணமுறிவு, மரணம், கட்டணம் கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் ஆகிய நான்கு இடங்களையும் இருவரும் சேர்ந்து படியுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ புரியவில்லை என்றால் தமிழில் விளக்க ஒரு தாதியைக் கேளுங்கள். அநேகமாக எல்லா மையத்திலும் ஒருவராவது இருப்பார். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் மையத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். கட்டண நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் கருவின் கதி என்ன ஆகும் என்பதும் அந்தப் படிவத்தில்தான் எழுதியிருக்கும்.